வாத்துக்குப் பின்னால் என் பெயர்

ஏறாவூர்
2025 ஜனவரி 11, சனி

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஞாயிறு உம்மா உங்கள் வீட்டிலிருந்து திரும்பியபோது மகள் ஸஹ்ரா வரைந்த வாத்தைக் கொண்டுவந்து தந்தார். நல்ல வாத்து. மூன்று கால். சுவரில் ஒட்டலாம் என்று பசை தடவத் திருப்பினேன். அப்போதுதான் அது ஒரு நீளமான கடித உறை என்று கண்டேன். முன்பக்கத்தில் கண்ணாடித் தாள் வைத்த சின்னச் சதுரம். அதற்குள் என் முழுப் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே காத்தான்குடி வீட்டு விலாசம்.

உறையை ஒருவரும் திறந்திருக்கவில்லை. நான் திறந்தேன்.

என் பெயரில் ஒரு ஓட்டோ இருக்கிறதாம். லீசிங் கம்பனி எழுதியிருக்கிறது. ஐந்து மாதத் தவணை கட்டப்படவில்லையாம். இது மூன்றாவது அறிவித்தல் என்றும் இருந்தது. முதல் இரண்டிலும் ஸஹ்ரா என்ன வரைந்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஒப்பந்தத் திகதி 2023 ஜூலை 6. எனக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மட்டக்களப்பு டவுனுக்குக் கூட்டிப்போய் நீங்கள் எனக்குப் பலூடா வாங்கித் தந்தீர்கள். அதற்கு முன் ஒரு நாளும் நீங்கள் எனக்கு ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. பிறகு ஒரு கம்பனிக் கந்தோரில் இருத்தி, "மச்சான்ட ஓட்டோவுக்குச் சாட்சி ஒண்டு வேணுமாம், போடு புள்ள" என்றீர்கள். நான் தாளைப் புரட்டினேன். "வாசிச்சிட்டு இரிந்தா கந்தோரப் பூட்டிருவாங்க" என்றீர்கள். தாளை நீட்டிய ஐயாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

டிசம்பரில் தையல் மெசின் கடனுக்காக வங்கிக்குப் போனேன். அங்கே தன்னாமுனை மேர்லின் மிஸ்தான் கடன் பார்ப்பவர். கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கட பேரில ஒரு நிலுவை கிடக்குது, இப்ப தர ஏலாது" என்றார். வேறு யாரோ ரிப்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியும். அதனால்தானே என்னைக் கூட்டிப்போனீர்கள்.

கடைக்காரர் பெருநாளுக்கு இருநூறு அபாயா தைக்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓவர்லொக் மெசின் இரண்டு இல்லாமல் அது முடியாது. பெப்ரவரி 28க்குள் என் பெயர் சரியானால்தான் வங்கி கடன் தரும். அதற்குள் ஐந்து தவணையையும் கட்டுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். போனில் என்றால் நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உம்மாவிடம் இதைச் சட்டை அளவு என்று சொல்லியிருக்கிறேன்.

ரிப்கா


காத்தான்குடி
2025 ஜனவரி 19

ரிப்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சொல்லிவிட்டேன்.

"என்ன அளவு மகள், ரெண்டு பக்கம் இரிக்கி, யானைக்கா தைக்கப் போறாள்?" என்று உம்மா கேட்டார். பொய் சொல்லவும் உனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை.

நாலு வயதுப் பிள்ளையின் வாத்துக்குக் கால் எண்ணத் தெரிந்த உனக்கு, கையெழுத்து வைக்கும்போது கண் எங்கே போனது? கையெழுத்து உன்னுடையதுதானே? உன் விரலைப் பிடித்து நானா வைத்தேன்? பலூடாவை அடிவரைக்கும் குடித்துவிட்டு கரண்டியையும் நக்கினாய். அதையும் எழுதியிருக்கலாம்.

உன் கடிதத்தை மச்சான் வாசித்தார். எனக்கு வருகிற எதையும் அவர் வாசிப்பார். ஓட்டோ ஸ்டாண்டுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாராம். "கடன் ஸ்கோர் ஏறணுமாம், மச்சினிச்சி பேட்டிங் பண்ணப் போறாவாம்" என்று எல்லோரும் சிரித்தார்களாம். ஊருக்கு நீயே உன்னைச் சிரிப்பாக்கிக்கொண்டாய்.

ஓட்டோ ஓடினால் காசு வரும், காசு வந்தால் கட்டுவோம். பெற்றோல் விலை உனக்குத் தெரியுமா? டயர் விலை தெரியுமா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வங்கி மிஸ்மாருடன் பேச வெளிக்கிட்டிருக்கிறாய். ஒரு கடன் நிலுவையில் கிடந்தால் யாரும் செத்துப்போவதில்லை. இந்த ஊரில் கடன் இல்லாத பேர் கபுறில் நட்ட மீஸான் கட்டையில்தான் இருக்கிறது.

இனிமேல் உம்மாவின் கையில் எதுவும் கொடுத்து அனுப்பாதே.

றஸீனா


ஏறாவூர்
2025 ஜனவரி 25

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவின் கையில்தான் அனுப்புகிறேன். வேறு வழி இல்லை.

எட்டாம் வகுப்போடு நான் ஏன் நின்றேன் என்று மச்சானுக்கும் ஸ்டாண்டுக்கும் தெரியட்டும். இதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாப்பா மௌத்தான அடுத்த வருடம் உங்களுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். வீடு முடியாமல் கலியாணம் இல்லை என்றார்கள். நம் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே. உம்மா இடியப்பம் அவித்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு அபாயாவுக்குக் கல் ஒட்டினேன். முன் அறைக்குப் போட்ட மாபிள், குளியலறைக் கதவு, கிணற்றுக் கட்டு, இதெல்லாம் நான் ஒட்டிய கல். கலியாணம் முடிந்தது. வீட்டை உங்கள் பேருக்கு எழுதினார்கள். உம்மாவும் நானும் ஏறாவூருக்குச் சாச்சி வீட்டின் பின்னறைக்கு வந்தோம்.

அதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது வழக்கம். ஆனால் என் அடையாள அட்டையில் விலாசம் அந்த வீடாகவே இருந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு வருகிற கடிதமெல்லாம் உங்கள் வாசலுக்கு வந்தது. அது உங்களுக்கு வசதியாகப் போனது.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் வங்கிக்குப் போனேன். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். மேர்லின் மிஸ்ஸே கண்டு கூப்பிட்டார். உறையை மேசையில் வைத்தேன். வாத்துப் பக்கம் மேலே இருந்தது. அவர் சிரிக்கவில்லை, திருப்பிப் பார்த்தார். என் கடன் அறிக்கையை எடுக்கும் வழியைச் சொன்னார். எடுத்தேன். கிரிப் என்று நீங்கள் பயந்து பேசுவீர்களே, அதுதான். யார் எந்தக் கடனை எந்த மாதம் எத்தனை நாள் பிந்திக் கட்டினார்கள் என்று எல்லா வங்கிக்கும் காட்டுகிற தாள். என்னுடையதில் ஒரே ஒரு கடன். பதினெட்டு வயதில் தொடங்கிய கடன். அதில் ஒரு மாதம்கூட உரிய நாளில் கட்டப்படவில்லை. பிந்தல், பிந்தல், பிந்தல் என்று வரிசையாக இருக்கிறது. நான் சாச்சியிடம் ஒரு நூல்கட்டை கடன் வாங்கினாலும் அடுத்த நாள் கொடுக்கிறவள். அது எந்தத் தாளிலும் இல்லை.

கெதியாகச் சரியாக்க என்ன வழி என்று எழுதிக் கேட்டேன். மிஸ் சொன்னார்: "நிலுவையக் கட்டிப்போட்டு, கட்டின கடிதத்தை எனக்குக் கொண்டு வாங்க. அடுத்த மாதக் கணக்கில அது மாறி வரும். பழைய பிந்தல் கொஞ்சக் காலம் நிக்கும், ஆனா நிலுவை இல்லையெண்டா நான் மனேஜரோட கதைக்கலாம். அதுவரைக்கும் வேற இடங்கள்ல கடன் கேட்டுத் திரியாதீங்க, கேட்டதும் அதில விழும்."

வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரைத் திருப்பித் தாருங்கள்.

ரிப்கா


காத்தான்குடி
2025 பெப்ரவரி 2

ரிப்காவுக்கு,

மச்சான் கொழும்புக்குப் போயிருக்கிறார். அதனால் இருந்து எழுதுகிறேன்.

கிணற்றுக் கட்டுக்குக் கல் ஒட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். உம்மாவுக்கு வாசித்துக் காட்டவா? இரண்டு பிள்ளைகளைப் பெற்றதற்கு அழட்டும்.

நீ நினைக்கிறாய், நான் உன்னை நினைத்து நினைத்துக் குழி தோண்டினேன் என்று. கேள். 2019இல் எனக்குக் கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவர் போன் கடை போட்டார். என் பேரில் கடன். எனக்குப் பலூடாவும் இல்லை, கட்டிலில் தாளை வைத்து "கையெழுத்துப் போடு றஸீனா, புருஷன நம்பாட்டி யார நம்புவாய்" என்றார். கடை ஏழு மாதம் இருந்தது. கடன் இன்னும் இருக்கிறது. வட்டியோடு ஒரு லட்சத்து எண்பதாயிரம். எங்கே போனாலும் என் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பேர் பழுதானால் எப்படி இருக்கும் என்று உன் மேர்லின் மிஸ் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஓட்டோ எடுக்க அவருக்கு ஒரு புதுப் பேர் தேவைப்பட்டது. கறை இல்லாத பேர். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். கேட்டால் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று எனக்குத்தான் தெரியும். இப்போது சந்தோஷமா?

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் நீ அதைத் தைத்து வைத்துக்கொண்டு வருடா வருடம் காட்டுவாய்.

உன் அவசரத்துக்கு ஒரு வழி பார்த்திருக்கிறேன். விஜிதரன் என்று ஒருவர், மச்சானுக்குப் பழக்கம். பேஸ்புக்கில் பக்கம் வைத்திருக்கிறார். இருபத்தையாயிரம் கொடுத்தால் இரண்டு கிழமையில் கிரிப்பைச் சுத்தமாக்கித் தருவாராம், உள்ளே ஆள் இருக்கிறதாம். என் காதுத் தோட்டை ஈடு வைத்துக் காசு கொடுத்துவிட்டேன். உன் அடையாள அட்டையின் படமும் கொடுத்தாயிற்று. போன் வந்தால் கேட்கிறதைச் சொல்லு. உன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் கடிதம் எழுதினால் நான் உனக்கு ராத்தா இல்லை.

றஸீனா

இதை வாசித்ததும் கிழி.


ஏறாவூர்
2025 பெப்ரவரி 8

ராத்தாவுக்கு,

கிழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல் என் போனுக்கு மெசேஜில் ஒரு ஆறு இலக்க எண் வந்தது. ஒரு நிமிடத்தில் விஜிதரன் அழைத்தார். "தங்கச்சி, இப்ப வந்த நம்பரைக் கெதியாச் சொல்லுங்க, உங்கட பேரத் துடைக்கிறதுக்குத்தான்" என்றார். எனக்கு அந்நிய ஆணோடு போனில் பேச்சு வராது. "ஹலோ, ஹலோ, ஊமையா?" என்றார். பேசாமலே இருந்தேன். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. என் வாழ்நாளில் என் வெட்கம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் இது.

மேர்லின் மிஸ்ஸிடம் போனைக் காட்டினேன். அவர் அன்றைக்குத்தான் கோபப்பட்டு நான் பார்த்தேன். அந்த இலக்கத்தைச் சொல்லியிருந்தால் என் பேரில் இன்னொரு கடன் எழும்பியிருக்குமாம். "அறிக்கையில பிழை இருந்தா நாங்களே எழுதித் திருத்தலாம், காசு தேவையில்ல. உண்மையான பிந்தல ஒருத்தராலயும் அழிக்க ஏலாது. அழிக்கிறன் எண்டு வாறவன் கள்ளன்" என்றார். உங்கள் காதுத் தோட்டுக் காசு போய்விட்டது. என் அட்டையின் படமும் அவனிடம் இருக்கிறது. பொலிசில் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதித்தான் கொடுத்தேன், வாயால் சொல்லவில்லை.

பிறகு லீசிங் கம்பனிக்குப் போனேன். அந்த ஏழு கையெழுத்தும் இருந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே இருந்து வாசித்தேன். ஒரு மணி நேரம் போனது. அவர்கள் கந்தோரைப் பூட்டவில்லை.

அதில் நான் சாட்சி இல்லை. எடுத்தவளே நான்தான். மச்சான்தான் சாட்சி. கடன் என்னுடையது என்றால் ஓட்டோவும் என்னுடையது. மிச்சத்தை முழுதாகக் கட்டி முடிக்க ஆறு லட்சத்துப் பத்தாயிரம் வேண்டும். சித்தாண்டியில் கோணாமலை என்று ஒருவர் இருக்கிறார். லீசிங்கில் நிற்கிற ஓட்டோக்களை வாங்கி விற்பவர். எட்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு எடுக்கிறேன் என்கிறார், கம்பனியின் காசைத் தானே நேரே கட்டுகிறேன் என்கிறார். வண்டியும் சாவியும் வேண்டுமாம்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சாவியை உம்மாவிடம் கொடுத்து அனுப்புங்கள். இதை மச்சான் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். மச்சான், ஸ்டாண்டில் வாசிக்கும்போது சத்தமாக வாசியுங்கள்.

ரிப்கா


காத்தான்குடி
2025 பெப்ரவரி 9

ரிப்காவுக்கு,

மச்சான் பக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன், நானும் அதையேதான் சொல்வேன்.

அந்த ஓட்டோவில் நீ கை வைத்தால் உனக்கு ராத்தாவும் இல்லை, மச்சானும் இல்லை, ஸஹ்ராவும் இல்லை. பெருநாளைக்கு இந்த வாசலை மிதிக்காதே. எங்கள் மூன்று பேரின் சோறு அது. சோற்றில் மண் போடுகிறவளுக்கு மெசின் வேறு கேடா?

சித்தாண்டியிலிருந்து ஆள் பிடித்து வந்து எங்களை மிரட்டுகிறாயா? சாவி எந்த நேரமும் அவர் இடுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போதுகூட ஓட்டோவைப் பள்ளிவாசல் ஒழுங்கையில், மாமரத்துக்குக் கீழேதான் விடுவார். பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு ஊர் முழுக்கப் பள்ளிக்குள் இருக்க, யார் வந்து தொடுவான் என்று கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

மனிதரோடு நாலு வார்த்தை பேசத் தெரியாத நீ காகிதத்தில் மட்டும் பெரிய சண்டைக்காரி.

ஸஹ்ராவின் வெள்ளைச் சட்டை கட்டையாகிவிட்டது. அனுப்பியிருக்கிறேன். கீழ் மடிப்பை அவிழ்த்து இறக்கித் தை. கூலி தரமாட்டேன். இந்த வீட்டில் வளர்ந்ததற்குக் கூலியாக வைத்துக்கொள். இன்றைக்கே அவிழ்.

றஸீனா


ஏறாவூர்
2025 பெப்ரவரி 22

ராத்தாவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சட்டையின் மடிப்புக்குள் வைத்துத் தைக்கிறேன். வெள்ளைத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டிருக்கிறேன். உங்கள் கண்ணில் படும். மச்சான் சட்டை மடிப்பைப் பார்க்கிறவர் இல்லை. வாசித்ததும் கிழியுங்கள்.

மடிப்பை அன்றைக்கே அவிழ்த்தேன். ஓட்டோவின் இரண்டாவது சாவி தையல் மெசினில் விழுந்தது. உங்கள் தையல் கோணல். சின்ன வயதிலிருந்தே கோணல்.

14ஆம் திகதி வெள்ளிக்கிழமை கோணாமலை அண்ணனோடு வந்தேன். பள்ளி ஒழுங்கையில் ஆள் இல்லை. குத்பா பிரசங்கம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. மாமரத்துக்குக் கீழே ஓட்டோ நின்றது. கோணாமலை அண்ணன் சாவியை வாங்கவில்லை. "பிள்ள, நான் களவு வண்டி எடுக்கிற ஆள் இல்ல. தாளில உன்ர பேர் இரிக்கி, பாத்தன். ஆனா நீ வாயத் திறந்து சொல்லோணும். இது ஆர்ட வண்டி?" என்றார். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பொம்பிளை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ட" என்றேன். "கேக்கல்ல" என்றார். "என்ட வண்டி" என்று ஜன்னல்வரை கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஏறினார். பின் இருக்கையில் நான் இருந்தேன்.

உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனோம். முன் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் சீலை கொஞ்சம் விலகியிருந்தது. நான் திரும்பவில்லை.

கம்பனியில் அவர் காசைக் கட்டினார். கடன் முடிந்தது என்ற கடிதத்தை என் கையில் தந்தார்கள். மச்சான் அன்று பின்னேரமே பொலிசுக்குப் போனாராம். அவர்கள் வாகனத்தின் பேரைப் பார்த்துவிட்டு அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். பிறகு அவர் சாச்சி வீட்டு வாசலில் வந்து கத்தியதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ஒவ்வொரு நாளும் எனக்குத் துணிவு வருவதில்லை.

மிச்சம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அதில் நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. என் கடனில் கட்டியதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் கட்டியது. காசு உம்மாவிடம் இருக்கிறது. உம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். "இது சட்ட அளவு இல்லெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார். உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பேரில் கிடக்கிற ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் கட்டி, கடிதம் வாங்கினால், உங்கள் பேரும் மாறும் என்று மேர்லின் மிஸ் சொல்கிறார். காதுத் தோட்டையும் மீட்கலாம். மச்சானுக்கே கொடுத்து இன்னொரு கடை போடுவதானாலும் போடுங்கள். அது உங்கள் கை.

என் பேர் முழுதாகச் சரியாகவில்லை. நிலுவை இல்லை என்று வந்துவிடும். பிந்தல் வரிசை இன்னும் நிற்கும். அதனால் மனேஜர் ஒரு மெசினுக்கு மட்டும்தான் சம்மதித்தார். கடைக்காரர் இருநூறை நூற்றிருபதாகக் குறைத்துவிட்டார். மீதி எண்பது வேறொருத்திக்குப் போனது. அந்த எண்பதை நான் மறக்கமாட்டேன்.

சாவி தந்ததற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பலூடாவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பெருநாளைக்கு உங்கள் வாசலை மிதிக்கவும் மாட்டேன். ஸஹ்ராவை உம்மாவோடு அனுப்புங்கள். வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கிராம சேவகரின் கந்தோருக்குப் போனேன். அடையாள அட்டையில் விலாசம் மாற்றுகிற படிவம் தந்தார். காத்தான்குடி வீட்டு இலக்கத்தைப் பழைய விலாசம் என்ற கோட்டில் எழுதினேன். புதிய விலாசத்தில் சாச்சியின் வீட்டை எழுதினேன். "எல்லாம் சரி, கடைசியில கையெழுத்து மட்டும் வைங்க" என்று அவர் பேனையை நீட்டினார். பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். நான் தாளைத் திருப்பி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

ரிப்கா